மாமாவுக்காகப் பிடித்த கல்யாணப் படம்

என் தாய்மாமன் மகளின் கல்யாணத்துக்குப் போட்டோ பிடிக்க ஆள் தேடிப் போனவன் நான். அவளை நான்தான் கட்டிக்கொள்வேன் என்று சுரங்கத் தொழிலாளர் குடியிருந்த லைன் முழுக்க ஒரு காலத்தில் பேசிக்கொண்டார்கள். கட்டிக்கொண்டவன் வேறொருவன். படத்துக்கு ஆள் பார்க்கிற வேலை மட்டும் என் பங்குக்கு வந்தது.

இதில் மாமாவைக் குறை சொல்ல முடியாது. அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "ஒரு வருஷம் ஒரே எடத்துல வேல செய்டா மாப்ள. பொண்ண நானே இட்டாந்து உங்கிட்ட உடறேன்" என்றார். நான் ஏழு மாதம் செய்தேன். பூமிக்கடியில் தங்கக் கல் ஏற்றிய வண்டியைத் தள்ளுகிற வேலை. எட்டாவது மாதம் ஒரு நாள் காலையில் சுரங்கக் கூண்டான கேஜில் இறங்க வரிசையில் நின்றிருந்தேன். வரிசை நகர்ந்தது. நான் எதிர்ப்பக்கம் நடந்து ரயிலேறிவிட்டேன். ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. அடிபடவில்லை, யாரும் திட்டவில்லை. கால் போயிற்று, நான் அதன் பின்னால் போனேன்.

மூன்று வருஷம் அலைந்தேன். குடகில் காப்பித் தோட்டம், பிறகு காய்ச்சல், பிறகு ஊட்டியில் போட்டோ பிடிக்கிற ஒரு துரையிடம் பெட்டி தூக்கும் வேலை. அவருடைய கண்ணாடித் தட்டுகளை மலை மலையாகச் சுமந்தேன். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் என்றாலும் கண்ணால் பார்த்ததை மறக்க மாட்டேன். எந்த வெளிச்சத்துக்கு எத்தனை எண்ண வேண்டும், எந்த நிறம் தட்டில் எப்படி விழும் என்பதெல்லாம் அந்தச் சுமையோடு வந்த படிப்பு. கடைசியில் ஒரு கோணிப்பையோடு கோலார் தங்கவயலுக்குத் திரும்பி வந்தபோது அவளுக்கு நிச்சயம் ஆகியிருந்தது.

மாப்பிள்ளை டைம் ஆபீஸ் குமாஸ்தா. ஷாப்டில், அதாவது சுரங்கக் கிணற்றில், இறங்குகிறவர்களுக்குப் பித்தளை வில்லையை எடுத்துக் கொடுத்து, பேரேட்டில் குறித்து, ஏறி வந்ததும் வாங்கி ஆணியில் மாட்டுகிற வேலை. எட்டு மணி நேரம் ஒரே நாற்காலி. அவன் எழுத்து அச்சுப் போல இருக்கும். நடந்தால் பூட்ஸ் சத்தம் கேட்கும். கோட்டு இரண்டு வைத்திருந்தான். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், வந்த முதல் வாரம் முழுக்க வேறு வேலை இல்லாமல் அவன் ஜன்னலுக்கு எதிரே நின்று அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் ஒரு தடவைகூட எழுந்து ஜன்னல் வரை வரவில்லை. ஒரு மனிதனால் அப்படி உட்கார முடியும் என்பதே எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது மாமாவுக்கு விபத்து நேர்ந்தது. முந்தைய ஷிப்டில் வெடிக்காமல் தங்கிப்போன மருந்தின் மேல் அவருடைய உளி பட்டுவிட்டது. பெங்களூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வலது காலை முழங்காலுக்கு மேல் எடுத்துவிட்டார்கள். இன்னும் இரண்டு மாதம் படுக்கையை விட்டு நகரக் கூடாது என்றார்கள். கல்யாணத்தைத் தள்ளிவைக்க அத்தை ஒப்பவில்லை. "இந்த மாசம் உட்டா ஆடி வந்துரும். ஆடி போறதுக்குள்ள அவங்க ஊட்ல யோசன பண்ண ஆரம்பிப்பாங்க. காலில்லாத சம்பந்தி யாருக்கு வேணும்" என்றாள். அது சரிதான்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய் மாமாவைப் பார்த்தேன். அவர் காலைப் பற்றிப் பேசவில்லை. சுவரில் டாக்டர்கள் வரிசையாக நின்ற ஒரு போட்டோ மாட்டியிருந்தது. அதையே பார்த்தபடி கேட்டார்.

"டேய், நீ அந்தப் பொட்டி தூக்குனவன்தானே?"

"ஆமா மாமா."

"அந்த மாதிரி ஒண்ணு எனக்கு வேணும். அவ தாலியோட நிக்கிறத நான் பாக்கணும். ஆளு நீ பாரு. உனக்குத்தான் அது தெரியும்."

சின்ன வயசிலிருந்து என்னை மாப்ள என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்கு டேய் என்றார். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டு பேர் கிடைத்தார்கள். முதல் ஆள் ராபர்ட்சன்பேட்டை கடைவீதியில் புதிதாகக் கடை போட்டவர். தூணும் அன்னமும் வரைந்த திரை ஒன்று தொங்கியது. மாதிரிக்கு ஒரு ஆல்பத்தைக் காட்டினார். அதில் இருந்த எல்லோருக்கும் கண் ஒரே மாதிரி விழித்துக்கொண்டிருந்தது. விரலால் தடவிப் பார்த்தேன். மை.

"கண்ண நீங்க எழுதினீங்களா?"

"மூடிட்டா இன்னா பண்றது? தெறந்து உடறேன். அதுக்குத் தனியா நான் ஒண்ணும் கேக்கறதில்ல" என்றார் பெருந்தன்மையாக.

இவரை வைத்துக்கொண்டால் என்ன என்று எனக்கு உண்மையாகவே தோன்றியது. அந்தக் குமாஸ்தாவுக்கு மையால் எழுதிய கண்ணோடு ஒரு படம். வீட்டில் மாட்டி வைத்துக்கொண்டு காலமெல்லாம் பார்க்கட்டும். அந்த நினைப்போடே கடைவீதியை இரண்டு சுற்றுச் சுற்றினேன். ஆனால் எனக்குத் தெரிந்ததே இந்த ஒரு விஷயம். அதிலும் முட்டாள் என்று பெயர் வாங்க மனம் வரவில்லை. அதனால்தான் இரண்டாவது ஆளிடம் போனேன். நல்ல எண்ணத்தால் அல்ல.

அவர் பெங்களூர் கண்டோன்மென்டான தண்டிலிருந்து ரயிலில் வந்து துரைமார் பங்களாக்களில் படம் பிடிப்பவர். ஐம்பது வயது இருக்கும். படம் கழுவும் மருந்து பட்டு விரல் நகங்கள் கறுத்திருந்தன. பங்காருபேட்டை ஜங்ஷனில் வண்டி மாறக் காத்திருந்தபோது அவரைப் பிடித்தேன். நான் முழுதாகச் சொல்லும் முன்பே கேள்வி கேட்க ஆரம்பித்தார். பந்தல் எந்தத் திசை பார்த்து இருக்கிறது, மேலே கீற்றா துணியா, பெண் கறுப்பா சிவப்பா, எத்தனை பேர் நிற்பார்கள். மாதிரி காட்டவில்லை. இந்த ஆள்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததில் எனக்குச் சந்தோஷம் இல்லை.

கல்யாணத்தன்று காலையிலேயே வந்துவிட்டார். அன்று ஒரு துரை வீட்டிலும் அவருக்கு வேலை இருந்தது. போகிற வழியில் இடத்தைப் பார்த்துவிட்டுப் போக வந்தார். மாமா வீடு பாலகாட் லைனில், ஷாப்டுக்குப் பக்கம். மூங்கில் தட்டிச் சுவர். அத்தை ஒரு செம்பில் தண்ணீர் கொடுத்தாள். அவர் அதைப் பலகை மேல் வைத்துவிட்டுப் பந்தலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது ராத்திரி ஷிப்டு முடிந்து கீழே வெடி வைத்தார்கள். தரை ஒருமுறை நடுங்கியது. செம்புத் தண்ணீரில் வட்டம் விழுந்தது. மூலையில் அடுக்கியிருந்த பானைகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டன. தேங்காய் உடைத்துக்கொண்டிருந்த பெண்கள் பேச்சைக்கூட நிறுத்தவில்லை.

அவர் செம்பையே பார்த்தார். "இன்னாப்பா இது?"

"வெடிங்க. கீழ பாறைக்கு வெக்கிறது."

"எப்ப எப்ப வரும்?"

ஒரு நாளைக்கு மூன்று தடவை வரும். ஷிப்டு முடிந்து சங்கு ஊதும், ஆட்கள் மேலே வருவார்கள், ஒரு வெற்றிலை போட்டு மென்று துப்புகிற நேரத்தில் வெடிக்கும். அந்த லைனில் இதை அறியாதவர் யாரும் இல்லை. ஆனால் அவரிடம் சொல்ல யாருக்கும் தோன்றியிருக்காது. அவர்களுக்கு அது மூச்சு மாதிரி. தனியாகக் காதில் விழுவதில்லை. மூன்று வருஷம் வெளியே திரிந்ததில் எனக்குத்தான் பழக்கம் விட்டுப் போயிருந்தது. ஒவ்வொரு தடவையும் எனக்குத் தூக்கிப்போடும்.

"அதுக்கு நேரம் காலம் இல்லீங்க" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் அல்ல. ஆனால் சொன்ன மறு நிமிஷமே அதை வைத்து என்ன செய்யலாம் என்று தெரிந்துவிட்டது.

அவர் தலையாட்டினார். "எனக்கு மூணு சாக்கு எடுத்து வெய்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஈரத் தரையில் கேமரா முக்காலி சறுக்கும் என்று கேட்கிறார் போலும் என நினைத்தேன்.

முகூர்த்தம் முடிந்தது. தாலி கட்டும்போது நான் அடுப்புப் பக்கம் போய் நின்றுகொண்டேன். சாப்பாடு முடிந்தது. அவர் பங்களாவிலிருந்து திரும்பி வரப் பிற்பகல் ஆகிவிட்டது. அங்கே ஒரு வெள்ளைக்காரக் குழந்தை நிற்கவே இல்லையாம். கொண்டுவந்த தட்டுகளில் ஒன்றே ஒன்று மீதி. "ஒண்ணு போதும். எல்லாரும் ஒழுங்கா நின்னா" என்றார்.

வந்ததும் பெண்ணைப் பார்த்தார். முகத்தில் மஞ்சள் அப்பியிருந்தது. "இத கழுவிட்டு வரச் சொல்லுங்க" என்றார்.

அத்தை எழுந்து நின்றுவிட்டாள். "இன்னா பேச்சு இது? கல்யாணப் பொண்ணு மஞ்சளக் கழுவறதா? நாங்க இன்னா எழவு ஊடா?"

"அம்மா, படத்துல மஞ்ச நெறம் கருப்பா உழும். உங்க பொண்ணு மூஞ்சி கரி பூசின மாதிரி இருக்கும்."

"உழுந்தா உழட்டும்."

அத்தை என் பக்கம் திரும்பினாள். "இன்னாடா, நீ பொட்டி தூக்குனவன் ஆச்சே. இவரு சொல்றது நெசமா?"

பொய் என்று சொல்லியிருக்கலாம். அத்தை நம்பியிருப்பாள். வாயைத் திறப்பதற்குள் அவளே, கல்யாணப் பெண்ணே, எழுந்துவிட்டாள்.

"நைனா பாக்கப் போறது என் மூஞ்சியத்தான்மா. மஞ்சளயா பாக்கப் போறாரு?" என்று சொல்லி, தொட்டிக்குப் போய்த் தானே கழுவிக்கொண்டு வந்தாள். அத்தை அந்தப் பக்கம் பார்க்காமல் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். கழுவிய முகத்தோடு என்னைத் தாண்டிப் போகும்போது அவள், "மாமா, ஒழுங்கா வந்துருமா? நீ பாத்துக்கோ" என்றாள். முறைப்படி நான் அவளுக்கு மாமாதான். நான் திரும்பி வந்த பிறகு அவள் என்னிடம் கேட்ட முதல் காரியம் இது.

அந்தக் கழுவிய முகம் வேறொருவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. அவன் ஏற்கனவே நாற்காலியில் அமர்ந்திருந்தான். முழங்கால் மேல் கை, நேரான முதுகு. போட்டோக்காரர் அவனைப் பார்த்து, "இப்பிடித்தான்யா உக்காரணும்" என்று மற்றவர்களுக்குக் காட்டினார். அவன் கூச்சத்தோடு சிரித்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"அண்ணே, நீங்களும் நில்லுங்க. சட்ட கிழிஞ்சிகீது பாருங்க. என் இன்னொரு கோட்டு உள்ள ஆணில தொங்குது, போட்டுக்குங்க."

அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். கோட்டைப் போட்டுக்கொண்டேன். தோள் கச்சிதமாக இருந்தது. அதுவும் பிடிக்கவில்லை.

பிறகு நான் செய்தது வெடி வைக்கிற வேளை வரும்வரை நேரம் கடத்துகிற வேலை. குட்டையானவர்களை முன்னால் கொண்டுவந்தேன். திரும்பப் பின்னால் அனுப்பினேன். தாலி தெரியவில்லை என்று அத்தையை விட்டு வெளியே எடுத்துப் போடச் சொன்னேன். ஒரு கிழவரின் தலைப்பாகையை அவிழ்த்துக் கட்ட வைத்தேன். எல்லாம் வேலை தெரிந்தவன் செய்கிற மாதிரியே இருந்தது. "நல்ல ஆளுய்யா நீ" என்றார் போட்டோக்காரர். சங்கு ஊதியது. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. இன்னொரு நாற்காலியை இடம் மாற்றினேன். ஷாப்டின் சக்கரம் சுற்றுவதைப் பந்தல் ஓரத்திலிருந்து பார்த்தேன். அது நின்றது. ஆட்கள் ஏறிவிட்டார்கள். நான் போய்ப் பெண்ணுக்குப் பின்னால் என் இடத்தில் நின்றேன்.

"எல்லாம் சரிங்க. எடுக்கலாம்."

அவர் முக்காலியின் கால்களைக் குனிந்து பார்த்தார். ஒவ்வொன்றின் கீழும் நாலாக மடித்த சாக்கு இருந்தது. "நான் அஞ்சு எண்ணுவேன். மூச்ச உள்ள இழுத்துக்கினு அப்படியே நில்லுங்க. கண்ண மூடாதீங்க" என்றார். லென்ஸ் மூடியைக் கழற்றினார்.

"ஒண்ணு. ரெண்டு."

வரவில்லை.

"மூணு."

வந்தது. காலுக்கடியிலிருந்து ஏறி முழங்காலைத் தட்டியது. காலையிலிருந்து அதற்காகவே காத்திருந்தவன் நான். உடம்பு தானாக ஷாப்டு பக்கம் திரும்பிவிட்டது. திரும்பியதை உணர்ந்து மறுபடி முன்னால் திரும்பினேன்.

"நாலு. அஞ்சு." மூடியைப் போட்டார். முகத்தில் எந்த மாறுதலும் இல்லை. மூச்சை விட்டுவிட்டு எல்லோரும் சிரித்தார்கள். போயிற்று, தட்டு போயிற்று என்று நான் நினைத்துக்கொண்டேன். அந்தக் கணம் இனிப்பாகத்தான் இருந்தது. இல்லை என்று இப்போது எழுதினால் பொய்.

மாமாவுக்குச் சீக்கிரம் போக வேண்டும் என்பதால் தட்டை அங்கேயே கழுவிப் பார்க்கச் சம்மதித்தார். வீட்டின் உள்ளறையில் கம்பளிகளைக் கட்டி இருட்டாக்கினோம். சிவப்புக் கண்ணாடி போட்ட விளக்கை நான் பிடித்தேன். மருந்துத் தண்ணீரில் தட்டு ஆடியது. நெகட்டிவ் என்பதால் முதலில் வெள்ளை வேட்டிகள் கறுப்பாக வந்தன. அப்புறம் நாற்காலிக் கால்கள். கத்தி போலக் கூர்மையாக இருந்தன. பூமாலையில் இதழ் இதழாக எண்ணலாம். அவன் கோட்டுப் பொத்தான் நான்கும் தெரிந்தன. அவள் கண்ணிமைகூட ஆடியிருக்கவில்லை. அந்த மனிதர்கள் பிறந்ததிலிருந்து அந்த நடுக்கத்தின் மேல் நிற்கிறவர்கள். வெடி வந்ததை அவர்கள் உடம்பு கவனிக்கவே இல்லை. பெட்டிக்கு வந்த அதிர்வைச் சாக்கு வாங்கிக்கொண்டது.

பெண்ணுக்குப் பின்னால் மட்டும் ஒரு கோட்டு நின்றது. அதன் மேல் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தீற்றல்.

போட்டோக்காரர் தட்டைத் தூக்கிச் சிவப்பு வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார்.

"நேரம் காலம் இல்லேன்னு சொன்னே இல்ல?"

நான் விளக்கைப் பிடித்தபடி தட்டையே பார்த்தேன்.

"நாப்பது பேரு. ஒருத்தரு அசையல. வரப்போறது தெரிஞ்சவன்தான் திரும்புவான்." தட்டை மறுபடி தண்ணீரில் விட்டார். "யாரு அந்தப் பொண்ணு உனக்கு?"

"மாமன் மவ."

"ம்" என்றார். அவ்வளவுதான். வெளியே வந்து அத்தையிடம், "நல்லா வந்துகீதும்மா. பின்னால ஒருத்தரு மட்டும் கொஞ்சம் நகந்துட்டாரு" என்றார். அடுத்த வாரம் தண்டுக்கு வந்து படத்தை வாங்கிக்கொள்ளச் சொன்னார். போகும்போது பெட்டியை என்னிடம் தரவில்லை. தானே தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தார். என்னைத் திட்டியிருந்தால் அன்றே மறந்திருப்பேன்.

அடுத்த வாரம் படத்தை வாங்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழியில் கிழித்துப் போடலாம் என்று ஒரு தடவை தோன்றியது. அதற்கும் ஒரு உறுதி வேண்டும். அது என்னிடம் இருந்ததில்லை. கோட்டும் என் மேல்தான் இருந்தது. திருப்பிக் கேட்க அவனுக்குக் கூச்சம், கொடுக்க எனக்கு மனமில்லை.

மாமா படுத்தபடியே படத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டார். பிறகு கட்டைவிரல் நகத்தால் அவள் கழுத்தைத் தொட்டார்.

"கயிறு ஏன்டா கருப்பா கீது?"

"மஞ்ச நெறம் அப்பிடித்தான் உழும் மாமா. நெசத்துல நல்ல மஞ்சதான். அத்த ரெண்டு தடவ தேய்ச்சுது."

"மூஞ்சி கருக்கலியே."

"கழுவிக்கினா. நீங்க பாக்கணும்னு."

"அவ அம்மா உட்டாளா?"

"உடல. இவளே போய்க் கழுவிக்கினா."

அவர் சிரித்தார். சிரிப்பு இழுத்துக்கொண்டு போய் இருமலில் முடிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஒவ்வொருவரையும் பெயர் சொன்னார். பின்வரிசைக்கு வந்ததும் நின்றார்.

"இது யாரு? கோட்டு தெரியுது. மூஞ்சி காணோம்."

சொல்லிவிடலாம் என்று இருந்தது. மாமா, உங்களுக்கு இந்தப் படமே கிடைக்காமல் செய்யப் பார்த்தவன் என்று. அவர் என் மேலிருந்த கோட்டைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். மறுபடி கோட்டைப் பார்த்தார்.

"நீயா? அஞ்சு எண்றவரிக்கும் ஒரு எடத்துல நிக்க முடியலியாடா உன்னால?"

"முடியல மாமா."

"நான் அப்பவே சொன்னேன் உன் அத்தகிட்ட" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எப்போதோ எடுத்த முடிவு சரிதான் என்று இப்போது தெரிந்துகொண்டவர் மாதிரி, நிம்மதியாகச் சொன்னார். படத்தை மருந்துப் புட்டியின் மேல் சாய்த்து வைக்கச் சொன்னார். வைத்தேன். வெளிச்சம் பட்டு மினுக்குகிறது, கொஞ்சம் திருப்பு என்றார். திருப்பினேன்.

"மாப்ள எப்பிடி உக்காந்துகீறாரு பாரு" என்றார். "செல மாதிரி."

நான் பார்த்தேன். அவர் சொன்னது உண்மை.

பெங்களூர் ஸ்டேஷனில் தங்கவயல் பக்கம் போகிற வண்டி புறப்பட இன்னும் நேரம் இருந்தது. எதிர்த்த பிளாட்பாரத்தில் ஹூப்ளி வண்டி கிளம்பிக்கொண்டிருந்தது. அதில் ஏறினேன். கோட்டு அங்கே இரண்டு மழைக்காலம் தாங்கியது. முழங்கை கிழிந்ததும் கோட்டின் கையை வெட்டிவிட்டுப் போட்டுக்கொண்டேன். பொத்தான் நான்கும் கடைசிவரை விழவில்லை.